வீரராகவன்னு ஒரு இந்தி எழுத்தாளர்

என் பொண்ணு எழுதின முதல் கதை இந்தியில இருந்துச்சு. ஏழாங்கிளாஸ் நோட்டுல ரெண்டரைப் பக்கம். அவளுக்கு 6 வயசு இருக்கும்போது ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம், அப்போ தை அமாவாசை வந்துச்சு, எங்கம்மா அவளைக் கூட்டிக்கிட்டு திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துல வெல்லம் கரைக்கப் போனாங்க, அந்தக் கூட்டத்துல பேத்தி கை நழுவிப் போயி கால்மணி நேரம் அம்மா தவிச்ச தவிப்பு இருக்கே, அதைத்தான் எழுதியிருந்தா. நாங்க ஆக்ராவுக்கு வந்து 11 வருஷம் ஆச்சு, வரும்போது அவ கைக்குழந்தை, அதனால இந்தியில எழுதினதுல ஆச்சரியமே இல்ல. ஆனா நான் அதை வரிக்கு வரி விரல் வெச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சப்ப சந்தோஷத்தோட சேர்ந்து வயித்துல ஏதோ பிசைஞ்சுது. எங்கம்மாவோட தவிப்பு, எங்க ஊர் குளம், எங்க பெருமாள், எல்லாம் நான் திக்கித் திக்கிப் படிக்கிற ஒரு எழுத்துல இருக்கு. அதை அம்மாகிட்ட காட்டினா அவங்களால ஒரு வார்த்தை படிக்க முடியாது.

கதை முழுக்க அவ 'பாட்டி'ன்னே எழுதியிருந்தா, இந்தி எழுத்துலதான், ஆனா பாட்டி. டீச்சர் முதல் இடத்துல மட்டும் சிவப்பு மையில வட்டம் போட்டு பக்கத்துல 'தாதி'ன்னு திருத்தியிருந்தாங்க, அப்பாவோட அம்மாவுக்கு இந்தியில அதுதான் சொல்லு.

எங்கப்பா காலேஜ் படிக்கும்போது 65 இந்தி எதிர்ப்பு ஊர்வலத்துல போனவர். இந்தியில கதை எழுதுற பேத்தியை அவர் பாக்கல, முன்னாடியே போயிட்டார். பாத்திருந்தா கோவப்பட்டிருப்பார்னு நான் நினைக்கல, அவருக்கு மேலேர்ந்து கொண்டாந்து உக்கார வைக்கிறதுதான் ஆகாது, ஒரு புள்ள தானா ஆசைப்பட்டு எழுதுறது வேற. ஆனா அந்த நோட்டை மூடி வெச்சுட்டு 'இவ இனிமே நம்மவளா?'ன்னு ஒரு கேள்வி எனக்கு வந்துச்சு, வந்த கேள்வி போகவே இல்ல. பெத்த பொண்ணைப் பாத்து இப்படி ஒரு கேள்வி வருதேன்னு அதுவும் சேர்ந்து உறுத்துச்சு.

கீழ்வீட்ல இருக்கிற மாஸ்டர்ஜி, ரிடையர்டு இந்தி வாத்தியார், பரத்பூர் பக்கத்து ஆளு. அவர்கிட்ட நோட்டைக் காட்டினேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு நிதானமா படிச்சவர், உள்ள போயி அட்டை கிழிஞ்ச ஒரு சிறுகதைத் தொகுப்ப எடுத்துட்டு வந்து நீட்டினார். "இவரைத் தெரியுமா? உங்க ஊர்க்காரர்தான்"ன்னார். அட்டைல ராங்கேய ராகவ்னு போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியல. பிரேம்சந்த் தெரியும், மகாதேவி வர்மா பேர் கேட்டிருக்கேன், இந்தப் பேரு பெங்காலியோன்னு நினைச்சேன். "முழுப்பேரு படிங்க"ன்னு பின் அட்டையத் திருப்பிக் காட்டினார். திருமலை நம்பாக்கம் வீரராகவ ஆச்சார்யா.

பேருக்குள்ள இருந்த ஊர்

இந்தியில அதை எழுதுறப்ப 'திருமல்லை நம்பகம்'னு ஆகிப்போகுது, அதனால ரெண்டாவது தடவை படிச்சப்பதான் எனக்கு உறைச்சுது. பாக்கம். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மேடவாக்கம் மாதிரி ஒரு பாக்கம். அப்புறம் வீரராகவன், எங்க ஊர் பெருமாள் பேரு, எங்க தெருவுல கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பாக்கிற பேரு. எந்தக் குளத்தைப் பத்தி என் பொண்ணு எழுதினாளோ அந்தக் குளத்துக்காரரோட பேர்ல ஒருத்தர் இதே ஆக்ராவுல 1923 ஜனவரி 17ல பொறந்து, இங்கயே படிச்சு, இந்தியில 150 புத்தகத்துக்கு மேல எழுதிட்டு 39 வயசுலயே செத்துப் போயிருக்கார். நான் வேலைக்குப் போற வழில செயின்ட் ஜான்ஸ் காலேஜ் இருக்கு, செங்கல்லுல கட்டின மாதிரி இருக்கும், கிட்டப் போனா செம்மணற்கல்லு. அவர் எம்.ஏ. படிச்சது அங்கதான். 11 வருஷமா அந்த கேட்டைத் தாண்டிப் போயிருக்கேன்.

குடும்பம் திருப்பதிப் பக்கத்துலேர்ந்து பல தலைமுறைக்கு முன்னாடி வடக்க வந்ததுன்னு சொல்றாங்க, பரத்பூர் சமஸ்தானத்துல வைர்ங்கிற ஊர்ல கோயில், நிலம்னு நிலைச்சிருக்காங்க. அப்பா பேரு ரங்காச்சார்யா. இந்தப் புனைபெயர் எப்படி வந்துச்சுன்னு மாஸ்டர்ஜி சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. குந்தி பெத்தவன் கௌந்தேயன், கங்கை பெத்தவன் காங்கேயன், அது மாதிரி ரங்கன் பெத்தவன் ராங்கேயன். நாம இனிஷியல் போடுற மாதிரி அப்பா பேரை முன்னாடி வெச்சிருக்கார், ஆனா அதை சமஸ்கிருத இலக்கணத்துல போட்டதால யாருக்கும் அது இனிஷியல்னு தெரியல. ஆச்சார்யாவை எடுத்துட்டார், ஊரை எடுத்துட்டார், அப்பாவை மட்டும் கூட வெச்சுக்கிட்டார்.

அதுக்கப்புறம் நாலஞ்சு மாசம் எனக்கு இதே வேலையாப் போச்சு. ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி உக்காந்து அவரைப் படிக்கிறது, மெதுவாத்தான், தெரியாத வார்த்தைக்கு மாஸ்டர்ஜிய கேட்டுக்கிட்டு. ஆனா உண்மையச் சொல்லணும், நான் கதைய படிக்கல, கதைக்குள்ள தமிழனைத் தேடிக்கிட்டு இருந்தேன். கிடைக்காமயும் இல்ல. 1948ல வந்த 'முர்தோன் கா டீலா' மொகஞ்சதாரோவைப் பத்தின நாவல், பேருக்கே இறந்தவங்களோட மேடுன்னுதான் அர்த்தம். எகிப்துலேர்ந்து திரும்பி வர்ற மணிபந்துங்கிற பெருவியாபாரி, அவன் கூட வர்ற நீலூஃபர், இவங்களுக்கு நடுவுல வேணின்னு ஒரு நாட்டியக்காரி வர்றா, அவ துணைக்கு ஒரு பாட்டுக்காரன். ரெண்டு பேரும் திராவிடங்க. அந்தப் பாட்டுக்காரன் பேரு வில்லிபித்தூர். நான் படிச்சுக்கிட்டிருந்த கட்டில்லயே எழுந்து உக்காந்துட்டேன். வில்லிபுத்தூர்! பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடின ஊரோட சாயல்ல ஒரு பேரை, நாலாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முந்தின பாட்டுக்காரன் ஒருத்தனுக்கு வெச்சு, சிந்து நதிக் கரையில பாட விட்டிருக்கார். அந்தக் காலத்துல அப்படிப் பேரு இருந்திருக்காதுன்னு சொல்லலாம். எனக்கு அது முக்கியமாப் படல. 25 வயசுப் பையன், வீட்ல காதுல விழுந்த பேரை வாய்விட்டு சொல்லிப் பாக்கிற மாதிரிதான் எனக்குக் கேட்டுச்சு.

வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். ஊர்ல நண்பர்களுக்கு போன் பண்ணி சொன்னேன். "இந்தியில நம்மாளு ஒருத்தர் இருந்திருக்கார்டா"ன்னு. சொல்லச் சொல்ல சந்தோஷமா இருந்துச்சு, போனை வெச்சதும் அந்த சந்தோஷம் நிக்கல. ஏன்னா அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கு. இவர் நம்மவர்னா எதனால நம்மவர்? பேரு, ரத்தம், பெருமாள். அவ்ளோதானா? அப்போ என் பொண்ணும் 40 வருஷம் கழிச்சு யாரோ அட்டைய திருப்பிப் பாத்துக் கண்டுபிடிக்கிற ஒரு பேரா மட்டும்தான் நமக்கு மிஞ்சுவாளா?

கோட்டையைப் பாத்துக்கிட்டு நிக்கிறவன்

1957ல வந்த 'கப் தக் புகாரூன்' அவரோட பெரிய நாவல். எவ்ளோ நாள்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறதுங்கிற மாதிரி தலைப்பு. கர்நட்டுகளோட கதை. ஊர் ஊரா கூடாரம் போட்டு கழைக்கூத்தாடுற ஜனம், எங்க திருட்டு நடந்தாலும் முதல்ல இவங்களைத்தான் இழுத்துட்டுப் போவாங்க. குற்றப்பரம்பரைன்னு முத்திரை குத்தி ஜனங்களை என்ன பாடு படுத்துவாங்கன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. கதாநாயகன் சுக்ராம். அவன் மனசுல ஒரு முள்ளு இருக்கு. தன் பரம்பரை தாக்கூர் பரம்பரைன்னும், அந்தப் பக்கத்துல பாதியில நிக்கிற கோட்டை தன் முன்னோரோடதுன்னும் அவன் நம்புறான். கட்டி முடிக்காத கோட்டை, அதூரா கிலா. அந்தக் கோட்டையைப் பாக்கும்போதெல்லாம் தன் கூடாரம் அவனுக்கு அசிங்கமாத் தெரியுது. அவன் பொண்டாட்டி பியாரியை ஒரு போலீஸ்காரன் தன் கூட வெச்சுக்கிறான், அப்புறம் கஜ்ரி வர்றா, ரெண்டு பொம்பளைங்களும் முதல்ல முட்டிக்கிட்டு அப்புறம் உசுருக்கு உசுரா ஆகுறாங்க, அவங்கதான் அந்த நாவலைத் தாங்குறாங்க. அவங்களுக்கு கோட்டை ஒரு பொருட்டே இல்ல. பக்கத்துல உசுரோட இருக்கிறவங்களை விட்டுட்டு செத்துப்போன ராஜா யார் என்னன்னு கேட்டுக்கிட்டு இருக்கிறவன் சுக்ராம் மட்டும்தான்.

படிச்சுக்கிட்டே வந்தப்ப எனக்கு ஒரு இடத்துல புத்தகத்தை மூடணும்போல ஆயிடுச்சு. எழுதினவரே ஒரு பரம்பரைக்காரர், ஆச்சார்ய குடும்பம், கோயிலும் நிலமும் உள்ள வீடு. சின்ன வயசுலேர்ந்து 'நாம யார் தெரியுமா'ங்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்திருப்பார். அந்தப் பேச்சு ஒரு மனுஷனை எப்படி அரிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, அதை எடுத்து ஒரு கூடாரக்காரன் மனசுல வெச்சுப் பாத்திருக்கார். நான் என்னடான்னா அவர் புத்தகத்தையே வெச்சுக்கிட்டு என் கோட்டையத் தேடிக்கிட்டு இருக்கேன்.

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மாஸ்டர்ஜியும் நானும் வைர் போனோம். கடுகு பூத்திருந்துச்சு, பரத்பூர் தாண்டினா ரெண்டு பக்கமும் மஞ்சள்தான். ஊர்ல பழைய கோட்டை இருக்கு, ராஜாக்களோட தோட்டமும் வெள்ளை மாளிகையும் இருக்கு, மதிலோரம் எருமை கட்டியிருக்காங்க, பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க. மாஸ்டர்ஜி ஒரு டீக்கடைல உக்காந்து அந்த ஊர் பேச்சுல பேச ஆரம்பிச்சார், ஆக்ராவுல என்கிட்ட பேசுற புத்தக இந்தி இல்ல, சொல்லெல்லாம் ஓகாரத்துல முடியுற பேச்சு, கேக்கவே வேற மாதிரி. டீ ஆத்தினவர் பதில் சொன்னதும் அதே ராகம். கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருந்தேன். நான் ராத்திரி ராத்திரி எழுத்துக்கூட்டின வசனங்க அங்க சுத்தி நடமாடிக்கிட்டு இருந்துச்சு. பாக்கத்துலேர்ந்து வந்த குடும்பத்துப் பையன் காதுல வாங்கினது இதைத்தான். வீட்டுக்குள்ள என்ன பேச்சு இருந்துதோ, வாசலைத் தாண்டினா இந்தப் பேச்சு.

அவருக்கு 20 வயசு இருக்கும்போது வங்காளப் பஞ்சம். 20, 30 லட்சம் பேர் செத்த பஞ்சம். ஆக்ராவுலேர்ந்து போன ஒரு மருத்துவக் குழுவோட அவரும் போனார், திரும்பி வந்து எழுதின ரிப்போர்ட்டாஜ், அதாவது நேர்ல பாத்ததை எழுதுற எழுத்து, அதுதான் 'தூஃபானோன் கே பீச்'. இந்தியில அந்த வகை எழுத்துன்னு பேசினா முதல்ல சொல்ற புத்தகம் அது. அப்புறம் அதே பஞ்சத்தை வெச்சு ஒரு நாவல், பேரு 'விஷாத் மட்', பங்கிம் எழுதின ஆனந்தமடத்துக்கு எதிரா துக்கமடம். தமிழ் வீட்டுப் பையன், ஆக்ராவுல பொறந்தவன், வங்காளத்துல சாகுறவங்களைப் பத்தி இந்தியில எழுதியிருக்கான். எங்க போய் நீ எந்த ஊர்னு கேக்கிறது அவனை?

இன்னொன்னு இங்க சொல்லிடணும், இதை யாரும் பெருசா சொல்லி நான் கேக்கல. பெரிய ஆளுங்களோட வாழ்க்கைய அவர் வரிசையா நாவலா எழுதியிருக்கார். கபீரைப் பத்தின நாவலுக்கு தலைப்பு 'லோயி கா தானா'. தானான்னா தறியில நீளவாக்குல ஓடுற பாவு. லோயி கபீரோட மனைவி. கபீர்தான் நெசவாளின்னு ஊருக்கே தெரியும், ஆனா பாவு லோயியோடதுன்னு சொல்றார். துளசிதாசரைப் பத்தினது 'ரத்னா கீ பாத்', ரத்னா சொன்ன சொல்லு. புத்தரைப் பத்தினது 'யசோதரா ஜீத் கயி', யசோதரை ஜெயிச்சுட்டா. வித்யாபதிக்கு 'லகிமா கீ ஆங்கேன்', லகிமாவோட கண்ணு. கிருஷ்ணனைக்கூட 'தேவகி கா பேட்டா', தேவகியோட மகன்னுதான் கூப்பிடுறார். அப்பா பேரை இலக்கணமாக்கி தன் பேருக்கு முன்னாடி வெச்சவர், மத்தவங்க கதைய எழுதும்போது அந்த வீட்டுப் பொம்பள பக்கத்துல போய் நின்னுக்கிட்டார்.

கதல்

மாஸ்டர்ஜி முதல் நாள் குடுத்த தொகுப்புல 'கதல்'னு ஒரு சிறுகதை இருக்கு. அதைத்தான் முதல்ல படிங்கன்னார், நான் தமிழனைத் தேடுற அவசரத்துல அதைக் கடைசியா படிச்சேன்.

கதல் ஒரு குஜ்ஜர் பொம்பள, 45 வயசு, வளர்ந்த புள்ளைங்க, மருமக, பேரக்குழந்தைங்க. புருஷன் செத்துட்டான். புருஷனோட தம்பி டோடி, அவனும் பொண்டாட்டி இல்லாதவன். அந்த ஜாதி வழக்கப்படி அவன் கதலை வெச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா ஊர் சிரிக்கும்னு அவன் வாயத் தொறக்கல. கதல் ஒருநாள் எழுந்து, தன்னைவிட சின்னவனான மௌனிங்கிறவன் வீட்டுக்குப் போயிடுறா. ஊரே காறித் துப்புது. அவ ஏன் போனான்னு டோடிக்குத் தெரியும், நமக்கும் தெரியும், கூப்பிட வேண்டியவன் கூப்பிடல. அவ போன கொஞ்ச நாள்லயே டோடி செத்துப் போறான். தகவல் தெரிஞ்சதும் மௌனிய உதறிட்டு கதல் திரும்பி வந்து கருமாதி விருந்து போடணும்னு நிக்கிறா. 25 பேருக்கு மேல சாப்பாடு போடக் கூடாதுன்னு சட்டம். அவ ஊரையே கூப்பிடுறா. போலீஸ் வருது. விருந்து கலைய விடமாட்டேன்னு துப்பாக்கிய எடுத்துக்கிட்டு அவ ஒருத்தியா நின்னு சுடுறா, குண்டு பாஞ்சு விழுறா.

தரோகா, அதாவது போலீஸ் அதிகாரி, உள்ள வந்து பாக்கிறார், ஒரு வயசான பொம்பள. காரியம் முடிஞ்சுது, ஆத்மா சாந்தியடைஞ்சுதுங்கிறா. அவருக்கு எரிச்சல். ஆனா நீ யாருன்னு கேக்கிறார். அவ சொல்றா, ஒருநாள்கூட தனியா இருக்க முடியாம போனானே, அவனோட... சொல்லி முடிக்கல, தலை சாஞ்சிடுது.

ராத்திரி ஒரு மணி இருக்கும். நான் அந்த தரோகாவோட கேள்வியிலயே நின்னுட்டேன். நீ யாரு? அதையேதான் அஞ்சு மாசமா நான் கேட்டுக்கிட்டு இருந்தேன், அவர்கிட்டயும், என் பொண்ணுகிட்டயும். கதல் அதுக்கு ஜாதி சொல்லல, ஊர் சொல்லல, புருஷன் பேர் சொல்லல, புள்ளைங்க பேர் சொல்லல. தான் இல்லாம யாரால இருக்க முடியலியோ அவன் ஆளு நான்ங்கிறா. இதை எழுதினவர்கிட்ட போய் நீங்க தமிழரா இந்திக்காரரான்னு கேட்டா என்ன சொல்லியிருப்பார்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. சுக்ராம், பியாரி, கஜ்ரி, கதல், பஞ்சத்துல செத்த பேர் தெரியாத வங்காளிங்க, இவங்களுக்குள்ளதான் அவர் இருக்கார். வில்லிபுத்தூர்னு ஒரு பேரும் அதுல இருக்கு, இல்லாம போகல. ஆனா அது பத்தோட ஒண்ணு.

1962 செப்டம்பர் 12ல பம்பாய்ல புற்றுநோய்ல செத்துட்டார். சுலோசனா அம்மாவைக் கல்யாணம் பண்ணி ஆறு வருஷந்தான் ஆகியிருந்துச்சு. இன்னொரு 30 வருஷம் இருந்திருந்தா என்னென்ன எழுதியிருப்பாரோன்னு நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

இப்போ நான் கதலை தமிழ்ல எழுதிப் பாக்கிறேன். அம்மா படிக்கணும்னுதான். என் பொண்ணுதான் துணை, அவ சத்தமா படிப்பா, நான் எழுதுவேன், பேச்சுமொழி புரியாத இடத்துல ரெண்டு பேரும் கீழ எறங்கிப் போய் மாஸ்டர்ஜிய கேப்போம். முக்கால்வாசி முடிஞ்சுது. போன வாரம் அந்தக் கடைசி வரில வந்து மாட்டிக்கிட்டோம். இந்தியில அது 'உஸீ கீ'ன்னு நிக்குது. அந்த 'கீ' இருக்கிறதால சொல்ல வந்தது ஒரு பொம்பளையைன்னு தெரிஞ்சுடுது, ஆனா என்ன உறவுன்னு தெரியல. அண்ணியா, பொண்டாட்டியா, ரெண்டும் இல்லாத வேற ஒண்ணா. தமிழ்ல 'அவனோட'ன்னு எழுதினா அந்த 'கீ' காணாமப் போகுது, அவனோட மாடுன்னாலும் அவனோடதான், அவனோட மனைவின்னாலும் அவனோடதான். நான் 'அவனோட பொண்டாட்டி'ன்னு எழுதிப் பாத்தேன், தப்பு, அவ அப்படி ஆகவே இல்லியே. 'அவனுக்கானவ'ன்னு எழுதினேன், அது சினிமாப் பாட்டு மாதிரி இருக்குன்னா. 'அவனோட ஆளு'ன்னேன், பென்சிலை என் கைலேர்ந்து வாங்கி அவளே அடிச்சுட்டா.

"அங்க எதுவும் எழுதாதீங்கப்பா. அவனோடன்னு போட்டு மூணு புள்ளி வைங்க. பாட்டி படிக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிறேன்."

மூணு புள்ளி வெச்சிருக்கேன். மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போறோம்.